மீட்டரில் மணி சரியா? வண்டிக் கடிகாரத்துக்கு நேரம் வைத்தல்

லண்டனில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஒரு தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தான். அன்று அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு. மதுரை திருநகர் வீட்டு வாசலில் நின்ற என் வண்டியின் மீட்டரைக் குனிந்து பார்த்தபடி கேட்டான்: "அண்ணே, இன்னைக்கு இதுல டைம் மாத்தணும்ல? ஒரு மணி நேரம் பின்னால வைக்கணுமே."

"எதுக்குடா?"

"அங்க இன்னைக்கு எல்லாரும் வைப்பாங்கண்ணே. என் வண்டிக்கு வருசத்துக்கு ரெண்டு தடவை இதே வேலைதான்."

"இங்க அதெல்லாம் இல்ல. ஆனா அது ஏழு நிமிசம் லேட்டா ஓடுது. வேணும்னா அதைச் சரி பண்ணு."

பொத்தானை அழுத்திப் பிடித்தான். கடிகாரம் அசையவில்லை. ட்ரிப் மீட்டர்தான் 214.6-லிருந்து பூஜ்யத்துக்குப் போனது. மைலேஜ் பார்க்க டேங்க் நிரப்பிப் பத்து நாளாகக் காத்து வைத்திருந்த கணக்கு அது. கீழே வரும் படிகளில் தாளும் பேனாவும் எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது அந்த 214.6-க்காகத்தான்.

### இவ்வளவு தெரிந்தால் போதும்

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்து, மாலை வெளிச்சத்தை நீட்டிக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் பகலொளி சேமிப்பு நேரம் என்று பெயர். லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இராது. அங்கே தள்ளி வைக்க வெளிச்சம் இருக்கிறது. மதுரையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணி பத்து நிமிடம்தான். ஜூனில் ஆறு மணியை ஒட்டி விடிகிறது, டிசம்பர் கடைசியில் ஆறரையை ஒட்டி. இதற்காக ஊரே கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை.

இந்தியாவிலும் ஒருமுறை திருப்பினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, நாட்டின் நேரம் ஒரு மணி முன்னால் ஓடியது. இலங்கைக்காரர்களுக்கு இந்த அனுபவம் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. மின்வெட்டுக் காலத்தில், 1996 மே மாதம், அங்கே நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளினார்கள். அக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் நம் நேரத்துக்கே திரும்பினார்கள். வன்னியில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி 1996-இன் மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டது. 2002-க்குப் பிறகு ஏ9 சாலையில் ஓமந்தைச் சாவடியைக் கடந்தவர்கள் ஒரே சாலையில் அரை மணி நேர வித்தியாசத்தைக் கடந்தார்கள். கடிகாரத்தைத் திருப்பிக்கொள்ளும் வேலை அண்மைக் காலத்தில் தமிழ் நிலத்தில் நடந்தது என்றால் அது அங்கேதான்.

இன்னும் ஒன்று. நம் கடிகாரம் காட்டுவது மதுரையின் சூரிய நேரம் அல்ல. 1906 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. மதுரை அதற்கு மேற்கே, 78.1 டிகிரியில் இருக்கிறது. அதனால் இங்கே சூரியன் சராசரியாகப் பதினேழு நிமிடம் தாமதம். உச்சிப் பொழுது நவம்பர் தொடக்கத்தில் 12.01-க்கும், பிப்ரவரி நடுவில் 12.32-ஐ ஒட்டியும் வரும். நிழலைப் பார்த்து மணி சொல்லும் பெரியவர் சொன்னார் என்று மீட்டரைத் திருத்தாதீர்கள். அவர் சொல்வதும் சரி, மீட்டரும் சரி.

### எப்போது நேரம் வைக்க வேண்டிவரும்?

வருடத்துக்கு இரண்டு முறை என்ற கணக்கு நமக்கு இல்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோ புதிது போட்டாலோ மீட்டர் 1:00 அல்லது 12:00 என்று தொடங்கும். சர்வீஸ் முடிந்து வண்டி எடுக்கும்போது மணியை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஃபியூஸ் போய் மாற்றினாலும் இதே கதை.

இது தவிர, கடிகாரம் தானாகவே மெல்ல விலகும். உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் 25 டிகிரி வெப்பத்தில் சரியாக ஓடும்படி செய்யப்பட்டது. சூடு ஏற ஏற மெதுவாகும். மாட்டுத்தாவணியில் வெயிலில் நிறுத்திவிட்டுப் போன வண்டியின் மீட்டர் அக்னி நட்சத்திரத்தில் 60 டிகிரிக்குச் சூடானால், அந்தச் சூடு இருக்கும்வரை ஒரு நாளைக்கு மூன்று, நான்கு விநாடி என்ற வேகத்தில் பின்தங்கும். மாதத்துக்கு ஒரு நிமிடம் விலகுவதெல்லாம் பழுது அல்ல. என் பழக்கம், மாதம் ஒருமுறை டயருக்குக் காற்று பிடிக்கும் நாளில் கடிகாரத்தையும் பார்ப்பது.

### தொடங்கும் முன்

எல்லாம் சேர்த்து மூன்று நிமிட வேலை. ஆனால் இதைச் செய்யும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். காளவாசல் சிக்னலில் 90 விநாடி கிடைத்ததே என்று ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பச்சை விழுந்ததும் பின்னால் இருந்த பேருந்து ஹாரன் அடித்தது. அவர் பதறி கிளட்சை விட, வண்டி ஒரு முழம் துள்ளி நின்றது.

- ஓடும்போதும் சிக்னலிலும் கூடாது. சாலை ஓரத்தில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நிறுத்திச் செய்வதுகூட நான்குவழிச் சாலையில் வேண்டாம். வீடு, கடை வாசல், பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கும் இடம், இவை போதும்.
- எஞ்சின் ஓட வேண்டியதில்லை, சாவி ஆன் மட்டும் போதும். மூடிய கார் ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டபடி நின்று செய்வது புகையைக் குடிப்பதற்குச் சமம்.
- சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். சைடு ஸ்டாண்டு மட்டும் உள்ள வண்டி என்றால் மண் தரையில் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு ஓட்டுத்துண்டோ பலகையோ வையுங்கள்.
- நிழலில் செய்யுங்கள். வெயிலில் திரை தெரியாது. கடும் சூட்டில் எண்கள் கறுத்தும் போகும். நிழலுக்கு வந்து ஆறினால் தானே தெளியும். அதைப் பார்த்துவிட்டுப் புது மீட்டருக்கு விலை கேட்க ஓடாதீர்கள்.

### படிகள்

1. ஒரு தாளில் ஓடோ, ட்ரிப் ஏ, ட்ரிப் பி மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடோ மாறாது. ட்ரிப் ஒரு நொடியில் போய்விடும்.

2. செல்போனில் தேதி, நேர அமைப்பைத் திறந்து 'தானியங்கி நேரம்' ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். நேர மண்டலம் கொல்கத்தா என்று காட்டும். அதுதான் இந்திய நேரம், குழம்ப வேண்டாம். வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து வைக்கக் கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

3. சாவியை ஆன் செய்து, மீட்டர் முள்ளோ எண்களோ ஒரு சுற்று ஓடி அடங்கும்வரை காத்திருங்கள். அது முடிவதற்குள் அழுத்தினால் பல வண்டிகள் கண்டுகொள்ளாது.

4. மோடு அல்லது செலக்ட் என்று எழுதிய பொத்தானை ஒரு தட்டு தட்டித் தட்டித் திரையை ஓடோவுக்குக் கொண்டுவாருங்கள். ட்ரிப் திரையில் இருக்கும்போது அழுத்திப் பிடித்தால் ட்ரிப் அழியும். என் தம்பி செய்தது இதுதான்.

5. செட் அல்லது அட்ஜஸ்ட் என்ற பொத்தானை மூன்று முதல் ஐந்து விநாடி விடாமல் பிடியுங்கள். சில வண்டிகளில் இரண்டு பொத்தானையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மணி எண் மினுக்கத் தொடங்கும். மினுக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மாற்றி மாற்றி அழுத்தி வேறு எதையாவது அழிக்காமல் வண்டியோடு வந்த கையேட்டில் 'கடிகாரம்' என்ற பக்கத்தைப் பாருங்கள்.

6. ஒரு தட்டுக்கு ஒரு மணி கூடும். பெரும்பாலான மீட்டர்களில் பின்னால் போக வழி இல்லை. தாண்டிவிட்டால் முழுச் சுற்று வர வேண்டும். பிடித்தே இருந்தால் வேகமாக ஓடும். கடைசி இரண்டு எண்ணுக்கு விட்டு விட்டுத் தட்டுங்கள்.

7. ஏஎம், பிஎம் காட்டும் மீட்டர் என்றால் அந்தச் சின்ன எழுத்தைப் பாருங்கள். 24 மணி நேர அமைப்பு இருந்தால் மாலை 6 என்பது 18.

8. மோடு பொத்தானைத் தட்டினால் நிமிடம் மினுக்கும். செல்போனில் இப்போது 10.42 என்றால் மீட்டரில் 10.43 வையுங்கள். இன்னும் உறுதி செய்ய வேண்டாம்.

9. செல்போன் 10.43-க்கு மாறும் அந்தக் கணத்தில் உறுதி செய்யும் பொத்தானை அழுத்துங்கள். பல மீட்டர்களில் விநாடி அப்போதுதான் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கும். இடையில் சும்மா இருந்தால் சில மீட்டர்கள் கொஞ்ச நேரத்தில் அமைப்பைவிட்டுத் தானே வெளியேறிவிடும். அதனால் நிமிடம் மாற அரை நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது ஆரம்பியுங்கள்.

10. சாவியை ஆஃப் செய்து, பத்து எண்ணி, மறுபடி ஆன் செய்யுங்கள். வைத்த நேரம் நின்றிருக்கிறதா? நின்றால் முடிந்தது. மறுபடி 1:00 என்றால் பேட்டரிப் பகுதிக்குப் போங்கள்.

### உங்கள் வண்டி எந்த வகை?

மீட்டரிலேயே இரண்டு பொத்தான். மேலே சொன்ன படிகள் இதற்குத்தான். நம் ஊரில் ஓடும் கம்யூட்டர் வண்டிகளில் கணிசமானவை இந்த வகை. பொத்தான் ரப்பர் என்றால் விரல் நுனியால் அழுத்துங்கள். சாவி முனையால் குத்தினால் ரப்பர் கிழிந்து மழைநீர் உள்ளே போகும்.

ஒற்றைப் பொத்தான். தட்டினால் திரை மாறும், பிடித்தால் அமைப்பு. உறுதி செய்வதற்குத் தனிப் பொத்தான் இல்லாததால் சில விநாடி கையை எடுத்தாலே பதிந்துவிடும். ஒன்பதாம் படியில் சொன்ன விநாடித் துல்லியம் இதில் கிடைக்காது, விட்டுவிடுங்கள்.

கைப்பிடிச் சுவிட்சில் மெனு. இடதுகைப் பெருவிரலுக்கு எட்டும் இடத்தில் பொத்தான் இருக்கும். ஓட்டிக்கொண்டே செய்யும் ஆசையைக் கிளப்புவது இந்த வகைதான். சக்கரம் சுழன்றால் மெனுவைப் பூட்டிவிடும் வண்டிகள் இருக்கின்றன, பூட்டாதவையும் இருக்கின்றன. உங்களுடையது பூட்டாத வகை என்றால் அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புளூடூத், சிம் உள்ளவை. செல்போனோடு இணைந்ததும் நேரத்தை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும் ஸ்கூட்டர்களில் கையால் வைக்க வேண்டிய வேலை குறைவு. நேரம் தவறாக இருந்தால் முதலில் செல்போனைத் திருத்துங்கள், பிறகு இணைப்பைத் துண்டித்து மறுபடி இணையுங்கள்.

### அடிக்கடி நடக்கும் தவறுகள்

*பத்து நிமிடம் முன்னால் வைப்பது.* நம் வீடுகளிலும் ஒரு பகலொளி சேமிப்பு இருக்கிறது. கூடத்துச் சுவர்க்கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைப்பதுதான் அது. பள்ளிக்கூட வேன் தவறக் கூடாது என்று அம்மா வைத்தது. அம்மா காலத்துக்குப் பிறகும் யாரும் திருத்துவதில்லை. அதைப் பார்த்து நான் ஒருமுறை வண்டிக்கு நேரம் வைத்தேன். வண்டியிலும் கொஞ்சம் முன்னால் இருக்கட்டுமே என்று அதன்மேல் இன்னொரு பத்து நிமிடம் கூட்டினேன். ஒரு வாரம் கழித்து, ரயிலைப் பிடிக்க ஜங்ஷனுக்குப் போகும்போது மீட்டர் ஏற்கெனவே நேரம் தாண்டிவிட்டதாகக் காட்டியது. பழங்காநத்தத்திலிருந்து முறுக்கினேன் பாருங்கள், அந்த வேகத்தை இன்று நினைத்தாலும் கை சில்லிடுகிறது. ரயில் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது.

முன்னால் தள்ளிய கடிகாரம் இரண்டு விதமாக ஏமாற்றும். தெரிந்தவன் மனத்துக்குள் கழித்துக்கொள்வான்; அவனுக்கு அதனால் பயன் இல்லை. மறந்தவன் பதறி ஓட்டுவான். வண்டியில் சரியான நேரம் மட்டும் இருக்கட்டும். சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றால் செல்போனில் அலாரம் வையுங்கள்.

(ராகுகாலம் பார்த்துக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திங்கட்கிழமை ஒன்பது மணி ஆகட்டும் என்று காத்திருந்து, பத்து நிமிடம் முன்னால் ஓடும் மீட்டரைப் பார்த்துக் கிளம்பினால், கிளம்பியது ராகுகாலத்துக்குள்தான்.)

*ஏஎம், பிஎம் மாறிப்போவது.* 12 மணி நேர மீட்டரில் இது கண்ணுக்குத் தெரியாது. 24 மணி நேரத்துக்கு மாற்றும்போதோ, பயணப் பதிவு வைக்கும் வண்டியில் எடுத்துப் பார்க்கும்போதோதான் வெளிப்படும். நடுப்பகலில் நேரம் வைக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். பகல் 12 என்பது பிஎம்.

*சர்வீஸ் நினைவூட்டலை அழிப்பது.* ஸ்பேனர் படம் மினுக்கும் திரையில் அழுத்திப் பிடித்தால் சில வண்டிகளில் அடுத்த சர்வீஸ் கணக்கு அங்கிருந்து தொடங்கிவிடும். ஆயில் மாற்றியதாக வண்டி நம்பிக்கொள்ளும், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

### வைத்த நேரம் நிற்கவில்லையா? பேட்டரியைப் பாருங்கள்

இந்த அத்தியாயத்தில் உண்மையான சரக்கு இங்கேதான். மீட்டர் கடிகாரம் சாவி ஆஃபில் இருக்கும்போதும் பேட்டரியிலிருந்து துளித்துளியாகக் குடித்துக்கொண்டு ஓடுகிறது. அந்தத் துளி ஒரு கணம் நின்றாலும் கடிகாரம் 1:00-க்குப் போய்விடும். ஆகவே பேட்டரிக்கு உடம்பு சரியில்லை என்பதை உங்களுக்கு முதலில் சொல்வது ஹாரனும் அல்ல, முகப்பு விளக்கும் அல்ல. கடிகாரம்தான்.

ஒரு கல்லூரி மாணவர் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அண்ணே, மீட்டரு போச்சு. செல்ஃப் போட்டா டைம் ஒன்னுக்குப் போகுது. புதுசு போட எவ்வளவு ஆகும்?" மெக்கானிக் பதில் சொல்லாமல் சீட்டைத் தூக்கினார். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் இருந்த ஸ்க்ரூவை ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் வெறும் விரலால் அரைச் சுற்று சுற்றிக் காட்டினார். "தம்பி, மீட்டரு நல்லாத்தான் இருக்கு. இதுதான் ஆடுது. நீங்க ஒவ்வொரு தடவ செல்ஃப் அமுக்குறப்பவும் கரண்ட்டு செத்துப் பொழைக்குது." இறுக்கினார், நேரம் வைத்தார், காசு வாங்கவில்லை. எதிர்க்கடையில் டீ மட்டும் வாங்கித் தரச் சொன்னார்.

எப்போது அழிகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்:

- ஒவ்வொரு முறை செல்ஃப் போடும்போதும் அழிகிறது: முனை தளர்ந்திருக்கிறது அல்லது பேட்டரி முதுமை. கிக்கர் உள்ள வண்டியில் கிக்கரால் கிளப்பிப் பாருங்கள். அப்போது அழியாமல் இருந்தால் சந்தேகம் இன்னும் உறுதி.
- பல நாள் நிறுத்தி வைத்தால் மட்டும் அழிகிறது: பேட்டரி இறங்கிவிடுகிறது. மீட்டர் 2 மில்லி ஆம்பியர் குடிப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 1.4 ஆம்பியர்-மணி போகும். 4 அல்லது 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது பெரிய பங்கு. வெளியூர் போகிறவர்கள் வாரம் ஒருமுறை வீட்டில் யாரையாவது விட்டு ஒரு இருபது நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் உறுமவிடுவது போதாது.
- மேடு பள்ளத்தில் அழிகிறது: முனை, அல்லது மீட்டருக்குப் பின்னால் உள்ள கனெக்டர்.

#### முனையைச் சுத்தம் செய்து இறுக்குதல்

1. சாவி ஆஃப். கையில் உள்ள மோதிரம், காப்பு, உலோகக் கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். செம்புக் காப்பு பாசிட்டிவ் முனைக்கும் சட்டத்துக்கும் நடுவில் பாலம் போட்டால் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்பது உண்மை. சூட்டைத்தான் பலர் மறக்கிறார்கள்.
2. பக்கத்தில் பீடி, சிகரெட், விளக்கு கூடாது. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து எரியும் வாயு கசியலாம்.
3. சீட்டை அல்லது பக்க மூடியைக் கழற்றுங்கள். முதலில் கறுப்பு, அதாவது நெகட்டிவ். அடுத்துதான் சிவப்பு. மாற்றிச் செய்தால், சிவப்பைக் கழற்றும்போது ஸ்பேனர் சட்டத்தில் பட்ட இடத்தில் பொறி பறக்கும்.
4. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பழைய பல்துலக்கியால் வெதுவெதுப்பான நீர் தொட்டுத் தேய்த்து, துணியால் ஈரம் போகத் துடையுங்கள். அந்தப் பொடி கண்ணில் படக் கூடாது. கையுறை இல்லாவிட்டால் முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
5. மாட்டும்போது முதலில் சிவப்பு, பிறகு கறுப்பு. கையால் அசைத்தால் அசையாத அளவு இறுக்குங்கள். ஈயம் மென்மையானது, முழு பலத்தையும் காட்டினால் மரை போய்விடும்.
6. மேலே மெல்லிசாக வாசலைன் பூசி, சிவப்பு மூடியைப் போட்டுவிட்டு நேரம் வையுங்கள்.

#### மல்டிமீட்டர் இருந்தால்

டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6-க்கு மேல் இருந்தால் பேட்டரி நிறைவாக இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட வேண்டும். செல்ஃப் அமுக்கும்போது 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. எஞ்சின் ஓடி, கொஞ்சம் முறுக்கிய நிலையில் 13.5 முதல் 14.8 வரை வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போயிருக்கிறது. அதை அப்படியே ஓட்டினால் பேட்டரியோடு மீட்டரும் போகும். இதை வீட்டில் பார்க்காதீர்கள், பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

### ஃபியூஸும் தண்ணீரும்

சில வண்டிகளில் கடிகாரத்துக்கும் மீட்டர் நினைவுக்கும் தனி ஃபியூஸ் உண்டு. வண்டி நன்றாக ஓடுகிறது, சாவி ஆஃப் செய்த ஒவ்வொரு முறையும் நேரம் மட்டும் அழிகிறது என்றால் அதைப் பாருங்கள். அதே ஆம்பியர் எண் உள்ளதையே போடுங்கள். சிகரெட் பெட்டித் தகட்டுத் தாளைச் சுருட்டி ஃபியூஸ் இடத்தில் செருகும் வைத்தியம் நம் பக்கம் நன்கு தெரிந்தது. அது வேலையும் செய்யும். அடுத்த முறை ஷார்ட் ஆகும்போது ஃபியூஸுக்குப் பதிலாக ஒயர் எரியும்.

தண்ணீர் விஷயம் சுருக்கம். வாட்டர் சர்வீஸில் அழுத்தக் குழாயை மீட்டர் பக்கம் காட்ட விடாதீர்கள். ஒரு பாலித்தீன் பையைக் கட்டிவிடச் சொல்லுங்கள். உள்ளே ஆவி படிந்தால் மீட்டரைப் பிரிக்க வேண்டாம். காலை வெயிலில் ஓரிரு நாள் நின்றால் பெரும்பாலும் தெளியும். தெளியாமல் எண்கள் உடைந்து தெரிந்தால் சர்வீஸ் சென்டர்தான்.

### மீட்டரில் கடிகாரமே இல்லாதவர்களுக்கு

பழைய ஸ்ப்ளெண்டர், பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் ஹேண்டில் பாரில் ஒட்டும் சிறு கடிகாரத்தை வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டும் இடத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மீட்டரையோ சாவித் துவாரத்தையோ மறைக்கக் கூடாது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்து, எந்த ஒயரிலும் இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஒட்டுங்கள்.

இதற்கு உள்ளே பொத்தான் செல் இருக்கும். மாற்றிய பழைய செல்லை டூல் பாக்ஸிலோ ஜன்னல் திண்டிலோ போட்டு வைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

### வெளிநாட்டுச் செல்போனும் வழிகாட்டிக் கருவியும்

பகலொளி சேமிப்பு நம் வண்டிக்குள் நுழைய ஒரு வழி இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த ஜிபிஎஸ் கருவி, சில விலை கூடிய வண்டிகளின் டிஎஃப்டி திரை, விருந்தாளியின் செல்போன் ஆகியவற்றோடு அது வரும். கருவியில் பகலொளி சேமிப்பு என்று ஒரு விருப்பம் இருந்தால் அதை அணைத்து, நேர மண்டலத்தைக் கொல்கத்தாவில் வையுங்கள்.

பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் நேரம் மாறும். அந்தக் கணம் இரண்டு முறையும் நமக்குக் காலை 6.30. அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். சிட்னி, மெல்போர்ன் தலைகீழ்: அக்டோபர் முதல் ஞாயிறில் முன்னால் தள்ளி, ஏப்ரல் முதல் ஞாயிறில் திருப்பி வைக்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளிலிருந்து வந்தவர்களிடம் இந்தத் தொல்லை இல்லை.

என் தம்பி மறுநாள் பக்கத்து வீட்டு ஸ்கூட்டரை இரவல் வாங்கி, பாட்டுக் கேட்கத் தன் செல்போனை அதோடு இணைத்துக்கொண்டு அழகர்கோவில் போய் வந்தான். செல்போனில் லண்டன் நேரத்தைக் கையால் நிறுத்தி வைத்திருந்தான், பிள்ளைகளோடு பேச வசதி என்று. சாயங்காலம் ஸ்கூட்டர்காரர் வந்து, "வண்டில மணி பன்னண்டுன்னு காட்டுது, அடிச்சு கிடிச்சுப் போட்டீங்களா?" என்று கேட்டார். அப்போது மணி ஐந்தரை. அதற்கு முந்தின நாளுக்கு முன்னால் என்றால் ஒரு மணி என்று காட்டியிருக்கும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. விருந்தாளி செல்போனில் அந்த ஸ்கூட்டரின் புளூடூத் பெயரைத் தேடி 'மறந்துவிடு' கொடுங்கள்.
2. ஸ்கூட்டரின் மெனுவிலும் அந்தச் செல்போனை நீக்குங்கள்.
3. உரிமையாளரின் செல்போனை இணையுங்கள். இணைந்த கொஞ்ச நேரத்தில் மணி திருந்தும். திருந்தாவிட்டால் சாவியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.